ஜோனிக்கு வால் இருந்தது

நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. நீங்கள் எல்லாரும் கட்டை விரலை உயர்த்தினீர்கள். சிலர் சிங்கத் தலை போட்டீர்கள். ஒருவர், 'அந்தக் காலத்து ஆம்பளை, அந்தக் காலத்து நாய்' என்று எழுதினார். நான் ஒன்றும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். துறைமுகக் கோட்டர்ஸில் ஒன்றாக மூக்கொழுகி வளர்ந்த நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. இனியும் யார் மனம் கோணுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தால் சொல்ல வேண்டியதைச் சுடுகாட்டில் போய்த்தான் சொல்ல வேண்டும்.

படம் கறுப்பு வெள்ளை. பினாங்குத் துறைமுகத்தை ஒட்டி, வெல்ட் கீ பக்கம் ஒரு கிட்டங்கி வாசல். காக்கி அரைக்கால் சட்டையும் பெல்ட்டுமாக என் தாய்மாமா இடுப்பில் கைவைத்து நிற்கிறார். காலடியில் ஒரு கறுப்பு நாய், காதுகள் கூராக, கேமராவை முறைத்தபடி. நாயின் பின்பக்கம் ஓர் இடம் மட்டும் கறை மாதிரி மங்கிக் கிடக்கிறது. படத்தைப் போட்டவர் மாமாவின் மகன். அவருடைய மகன் ஒரு டோபர்மேன் குட்டி வாங்கியிருக்கிறானாம். 'தாத்தா நாய் மாதிரியே' காதையும் வாலையும் வெட்டப் போகிறானாம். மிருக டாக்டர் முடியாது என்று கைவிரித்துவிட்டதால் ஈப்போவிலிருந்து ஓர் ஆள் வீட்டுக்கே வந்து செய்து தருவாராம். இந்தப் படத்தை ஏதோ ஆப்பில் போட்டு, அந்த மங்கலைத் துடைத்துவிட்டு, பெரிதாக்கி ஹாலில் மாட்டப் போகிறார்களாம்.

அந்த நாயின் பெயர் சார்ஜன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது மாமா வைத்த பெயர். அதன் பெயர் ஜோனி. அதற்கு வால் இருந்தது.

என் அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அரிசி மூட்டை ஏற்றி வந்த சரக்குப் படகில், மூட்டைகளுக்கு நடுவே ஒரு குட்டி கிடந்ததாம். அப்பா அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தார். உடம்பெல்லாம் கறுப்பு. கண்களுக்கு மேலே பழுப்பு நிறத்தில் இரண்டு பொட்டு. காதுகள் தொங்கல், அதிலும் இடது காது உள்பக்கமாக மடிந்துகொள்ளும். நான் எடுத்துவிட்டால் மறுபடி மடியும். வால் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம், நுனியில் ஒரு கொத்து வெள்ளை மயிர். பெயிண்டில் தோய்த்து எடுத்தது போல இருக்கும்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு தகரத் தொட்டி இருந்தது. அம்மா அதில்தான் துணி ஊறவைப்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஜோனி அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டிக் கிடக்கும். என் செருப்புச் சத்தம் கேட்டதுமே வாலை ஆட்ட ஆரம்பிக்கும். அது தொட்டியில் மோதி, டங் டங் டங் என்று தெருமுனை வரை கேட்கும். மூலையில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், "போ தாயி, ஒன் கோயில் மணி அடிச்சிருச்சு," என்பார். அவர் நாயைத் தொட மாட்டார். ஆனால் பழைய ரொட்டியை மிச்சம் வைத்து, தாளில் சுற்றி, என் கையில் படாமல் போடுவார். அது ஜோனிக்கு என்று வாய் திறந்து சொன்னதில்லை.

இனி மாமா. அவரைக் கெட்டவர் என்று நான் சொன்னால் நீங்கள் அடிக்க வருவீர்கள். அழகாக இருப்பார். பாடுவார். கிட்டங்கியில் ஜாகா வேலை, அதாவது காவல். சம்பள நாளில் சூலியா தெருவிலிருந்து நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து, நம் கோட்டர்ஸ் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுவார். உங்களில் பலருக்கு அந்தக் குழம்பு ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, அதனால்தான் உங்களுக்குக் கண் தெரியவில்லை. எனக்கும் ஊட்டினார். நான் மறுக்கவில்லை. அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. அவர் வாசலில் வந்து நின்றால் அம்மா முகத்தில் தீபாவளி வந்துவிடும்.

பக்கத்துக் கிட்டங்கி முதலாளி, சீனத் தவுக்கே, சிங்கப்பூரிலிருந்து ஒரு டோபர்மேன் வரவழைத்தார். வந்தது வினை. வெல்ட் கீயில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கூரான காது, வாலே இல்லாத பின்புறம், பளபளவென்று கறுப்புத் தோல். அதைப் பார்த்துச் சுமை தூக்குகிறவர்கள் சுற்றுவழியில் போனார்களாம். மாமாவின் தவுக்கேக்கு அது பொறுக்கவில்லை. இப்படி ஒரு நாய் நம் வாசலில் நின்றால் உன்னைப் பெரிய ஜாகா ஆக்குகிறேன் என்று மாமாவிடம் சொன்னார். மாமா அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே ஜோனியைப் பார்த்தார். சாப்பிட்டு முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுவும் கறுப்புதான். பொட்டும் இருக்கு. தொங்குறத எல்லாம் எடுத்துட்டா இதுவும் டோபர்மேன்தான்லா," என்றார்.

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மாமா எப்போதும் வேடிக்கையாகப் பேசுகிறவர்.

எனக்கு அப்போது ஏழு வயது. காது குத்தியிருக்கவில்லை. மூன்றில் குத்தவில்லை, மாமா கெடாவில் ஒரு தோட்டத்தில் இருந்தார். ஐந்தில் குத்தவில்லை, அவருக்கு அம்மை போட்டிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் குத்துவது? ஒற்றைப்படை வயதை விட்டால் ஆகாது. அதனால் ஏழில் குத்தியே தீர வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். மாமாவும் குறை வைக்கவில்லை. பினாங்கு ஸ்திரீட் நகைப் பத்தரிடம் சொல்லித் தோடு அடித்தார். பட்டுப் பாவாடை, பழம், வெல்லம், பூ, கண்ணாடி வளையல் என்று தட்டுத் தட்டாகச் சீர் இறக்கினார். நம் கோட்டர்ஸே வந்து எட்டிப் பார்த்தது. காது குத்து அன்றைக்குத் தாய்மாமன்தான் ராஜா. அவர் சொல்வதுதான் சட்டம். அவர் முகம் சுளித்தால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா மடியில் நான் உட்கார்ந்தேன். புது வேட்டியின் கஞ்சி வாசனை. ஒரு கையால் என் தலையைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டார். அம்மா வாயில் கற்கண்டு போட்டாள். பத்தர் என் காது மடலில் குங்குமத்தால் புள்ளி வைத்து, ஒரு நூலைப் பிடித்து இரண்டு பக்கமும் சரிபார்த்தார். பிறகு குத்தினார். நான் கத்திய கத்தலில் பின்கட்டில் ஜோனி ஊளையிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். என் காது ரத்தம் மாமாவின் வேட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. "தாய்மாமனுக்குக் குடுத்து வச்சிருக்கணும்," என்று யாரோ ஒரு பெண் சொன்னது நினைவிருக்கிறது.

பந்தி முடிந்து பத்தர் வெற்றிலை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"பத்தரே, போயிராதீங்க. இன்னும் ரெண்டு காது பாக்கி இருக்கு," என்றார் மாமா.

"யாருக்கு?"

மாமா பின்கட்டைக் காட்டினார். பத்தர் முதலில் சிரித்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"என்னா தம்பி வெளயாடுறீங்க. நான் குத்துற ஆளு. வெட்டுற ஆளு இல்ல."

"காதுன்னா காதுதானே பத்தரே. ஒங்க கைக்குப் படியாத காதா? கிட்டங்கில ஒருத்தன் மீன் வெட்டுற கத்தியால செய்யறேன்னு சொல்றான். எனக்கு மனசு வரல. ஒங்ககிட்ட நூல் இருக்கு, அளவு இருக்கு, நல்ல கத்திரி இருக்கு."

பாருங்கள், மாமா அதை இரக்கம் என்று நினைத்தார். என் காதைக் குத்திய கைக்கு ஜோனியின் காதைக் கொடுப்பது ஒரு மரியாதை என்று நினைத்தார். 

அம்மா மெதுவாக, "தம்பி, நல்ல நாளும் அதுவுமா ரத்தம் வேணாமே," என்றாள்.

"ஒன் மக காதுல வந்தது ரத்தம் இல்லியா அக்கா? சீர் எறக்குனவன் வாய் தொறந்து ஒண்ணு கேக்கறேன். முடியாதுன்னா சொல்லிரு, நான் கெளம்பறேன்."

கிளம்புகிறேன் என்ற வார்த்தையில் அம்மா அடங்கிப்போனாள். அப்பாவைப் பார்த்தாள். நாயைக் கொண்டுவந்தவர் அப்பா. ஜோனி அவர் தட்டில் மிச்சம் தின்று வளர்ந்தது. அப்பா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "வுடு. ஒரு நாய்க்காக மச்சான் மொகம் வாடணுமா?" என்றார். துறைமுகத்தில் வெள்ளைக்காரன் முன்னாலேயே குரலை உயர்த்தியவர் என்று நீங்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் என் அப்பா, அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னார்.

எதிர்த்துப் பேசியது மளிகைக் கடை பாய் ஒருவர்தான். சீனிப் பொட்டலம் அன்பளிப்பாகக் கொண்டுவந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

"தம்பி, நான் அத தொட மாட்டேன். தொட்டா கழுவணும். ஆனா படச்சவன் வச்ச உறுப்ப வெட்ட நாம யாரு? வாயில்லா சீவன்லா அது."

"பாய், நீங்க சீனி மட்டும் நிறுங்க," என்றார் மாமா. எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அன்று எதற்கெடுத்தாலும் சிரித்தார்கள்.

ஜோனியைத் தூக்கி வந்து அதே மடியில் வைத்தார் மாமா. என் ரத்தம் காயாத அதே வேட்டி. அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்து அதன் வாயைக் கட்டினார்கள். பத்தர் பாவம், தொழில் சுத்தமாக, காதில் நூல் பிடித்து அளந்தார். தகடு வெட்டும் கத்திரியை விளக்கில் காட்டினார். ஜோனி மாமாவைப் பார்த்தபடி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. மடியில் தூக்கி வைத்ததே அதற்குச் சந்தோஷம். வலது காதுக்குப் பிறகு ஆட்டுவதை நிறுத்திவிட்டது. பத்தரின் கத்திரி விலகியதில் இடது காது கொஞ்சம் குட்டையாகப் போயிற்று.

வாலைப் பத்தர் தொட மாட்டேன் என்று எழுந்துவிட்டார். அதை மாமாவே செய்தார், அம்மா தேங்காய் உடைக்கும் கட்டையில் வைத்து.

"நாய் வால நிமித்த முடியாதுன்னு சொல்வாங்க. வெட்ட முடியாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றார்.

அந்த வேடிக்கைப் பேச்சை நீங்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். போன தீபாவளிக்குக்கூட ஒருவர் குழுவில் எழுதினார். அது எங்கே, எப்போது பிறந்தது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள். வெட்டின துண்டை நாய்க்கே கொடுத்தால் ரோஷம் வரும் என்று மாமா அதை ஜோனியின் மூக்கருகே நீட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாமா துண்டைச் சாக்கடைக் காணில் எறிந்தார். நம் கோட்டர்ஸ் காணில் கடல் ஏறினால் தண்ணீர் ஏறும், வடிந்தால் வடியும். மறுநாள் காலையில் நான் போய்க் குச்சியால் துழாவினேன். அந்த வெள்ளை நுனி கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எனக்கும் ஜோனிக்கும் ஒரே வைத்தியம். என் காது பழுத்தது. அம்மா தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, துளை மூடாமல் இருக்க வேப்பங்குச்சி சொருகினாள். அவள் எனக்குத் தடவிவிட்டுப் போன பிறகு, அதே கிண்ணத்து மிச்சத்தை நான் ஜோனிக்குத் தடவினேன். அதன் காதுகளை நிமிர்த்துவதற்காக மாமா சிகரெட் அட்டையைச் சுருட்டி உள்ளே வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். மழைக்காலம் வேறு. ஈ மொய்க்கும். நாற்றம் எடுக்கும். எனக்கு வலித்தால் அம்மா ஊதிவிடுவாள், "பொம்பளப் புள்ளைக்கு இது அழகுலா கண்ணு," என்பாள். நான் ஜோனியின் காதில் ஊதினேன். அழகு என்று அதனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வருவேன். என் செருப்புச் சத்தம் கேட்கும், அது எழுந்து நிற்கும், இடுப்பை அப்படியும் இப்படியும் அசைக்கும். தொட்டி சத்தம் போடாது. முதல் சில நாள் அது திரும்பித் திரும்பி, விரல் நீளம் மிஞ்சியிருந்த தன் குட்டை வாலையே பார்த்தது. பாய் கடை வாசலில் நான் நடந்து போகும்போது அவர் தலையைக் குனிந்து ஏதாவது நிறுத்துக்கொண்டிருப்பார்.

காயம் ஆறியதும் மாமா அதற்குச் சார்ஜன் என்று பெயர் வைத்து, சங்கிலி போட்டுக் கிட்டங்கிக்கு அழைத்துப் போனார். தவுக்கேக்குப் பரம திருப்தி. மாமா பெரிய ஜாகா ஆனார். நான் அடுக்குத் தூக்கில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன், மாமாவுக்காக அல்ல. ஒரு நாள் தவுக்கேயின் மகன் கேமராவோடு வாசல் நிழலில் நின்று, மாமாவையும் நாயையும் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் தூக்கோடு அவனுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்தப் படம்தான் உங்களுடைய படம்.

அடுத்த வருஷம் மாமா கல்யாணம் கட்டிக்கொள்ளக் கப்பலேறி ஊருக்குப் போனார். போகும்போது நாயை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். பெண் பார்த்து, முடித்து, திரும்பக் கப்பல் கிடைத்து வர மாதக் கணக்காகும். அந்த மாதங்களில் அது மறுபடி ஜோனி. என்னோடு பாய் கடை வரை வந்து தள்ளி நிற்கும். தாளில் சுற்றிய ரொட்டிக்காகக் காத்திருக்கும்.

ஆனால் மற்றவர்களுக்கு அது சார்ஜன்தான். அதாவது உங்களுக்கு. அது விளையாட ஓடி வந்தால் நீங்கள் மாடிப்படியில் ஏறி நின்று கல்லெறிந்தீர்கள். அது கோபமாக வருகிறதா, சந்தோஷமாக வருகிறதா என்று உங்களுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? சொல்வதற்கு அதனிடம் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே. தெரு நாய்களும் அப்படித்தான். நிமிர்ந்த காதைப் பார்த்துச் சண்டைக்கு வருகிறது என்று நினைத்துக் கடித்துக் குதறின. அது திருப்பிக் கடித்து நான் பார்த்ததில்லை. ரத்தத்தோடு என்னிடம்தான் ஓடி வரும். எனக்கு மட்டும் அதன் பேச்சு புரிந்தது, அதன் இடுப்பைப் பார்த்தால் போதும்.

மாமா மாமியோடு வந்து இறங்கிய அன்று நல்ல வெயில். அம்மா ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்பா வேலை முடிந்து வந்து, மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியை வழக்கம்போல வாசல் தூணில் மாட்டியிருந்தார். மூன்று சக்கரப் பேச்சா வந்து நின்றது. மாமி இறங்கினாள். ஊதா நிறச் சேலை, கப்பல் களைப்பில் வெளுத்த முகம், அவளும் சின்னப் பெண்தான். மாமா இறங்கி, "அக்கா!" என்று கூப்பிட்டார்.

அந்தக் குரல் பின்கட்டுக்குக் கேட்டது. ஜோனி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது.

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னைத் தாண்டித்தான் போனது. இடுப்பு அப்படியும் இப்படியும் துள்ள, முன்னங்கால் தரையில் பாவாமல், தொண்டையில் அழுகை மாதிரி ஒரு சத்தத்தோடு, பறந்து வந்தது. நேராக மாமியிடம் போய் மோதியது. அவள் கத்திக்கொண்டு பேச்சாவின் மேல் சாய்ந்தாள். பிறகு மாமா பக்கம் திரும்பிப் பாய்ந்தது. மாமா பின்வாங்கினார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு பயத்தை நான் ஒரு பெரிய மனிதர் முகத்தில் அதுவரை பார்த்ததில்லை.

"மறக்கலடா இது! வெட்டுனத மறக்கல! பழி வாங்க வருது!" என்று கத்தினார். தூணிலிருந்த கொக்கியை எடுத்தார்.

"மாமா, ஜோனி மாமா, ஜோனி!" என்று நான் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை, அல்லது அந்தப் பெயர் அவருக்கு மறந்து போயிருந்தது. முதல் அடிக்குப் பிறகும் அது ஓடவில்லை. அவர் காலடியில் படுத்து இடுப்பை அசைத்தது. ஆடியது வெட்டி மிஞ்சிய அந்தக் குட்டை வால். அவர் நிறுத்தவில்லை.

ஆரத்தித் தட்டு வாசலில் கவிழ்ந்து கிடந்தது. எது ஆரத்தி நீர், எது ரத்தம் என்று தெரியவில்லை. பாய் கடையிலிருந்து ஒரு காலிச் சாக்கைக் கொண்டுவந்து, தள்ளி நின்று, என் பக்கம் நீட்டினார்.  அப்பாதான் அதில் போட்டுக் கட்டினார். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது. எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை, இன்னும் வரவில்லை.

அன்று சாயங்காலமே கதை தயாராகிவிட்டது. நாய்க்கு வெறி பிடித்துவிட்டது. புதுப் பெண்டாட்டி மேல் பாய்ந்தது. மாமா உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார். நீங்கள் எல்லாரும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். மாமாவின் அறுபதாம் கல்யாணத்தில் மைக் பிடித்து ஒருவர் சொன்னார், நீங்கள் கை தட்டினீர்கள், நான் தட்டவில்லை.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அந்தக் கதை தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தேன். மாமி தன் வலது கையை நீட்டி அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அது கடிக்க வரல. என் கைய நக்குச்சு. ரெண்டு தடவ நக்குச்சு. அப்பறந்தான் அவருகிட்ட போச்சு. நான் பயத்துல கத்திட்டேன். அது நக்கத்தான் வந்துச்சு அண்ணி."

 அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து மாமியின் கையில் ஊற்றினாள்.

"கழுவிக்க. வந்த மொத நாளே புருஷன வுட்டுக் குடுக்கக் கூடாது. யார்கிட்டயும் சொல்லாத."

மாமி கழுவிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சாகும் வரை, பிள்ளைகள் திட்டினாலும், பின் சந்தில் தெரு நாய்களுக்குச் சோறு வைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் எல்லாரும் தெளிவானவர்கள், அவள் மட்டும் கிறுக்கு.

மாமா கத்தியதை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஜோனி மறந்துவிட்டது. அதுதான் உண்மை. வெட்டியதை மறந்துவிட்டு, சம்பள நாளில் எலும்பு போட்டவர் வந்துவிட்டார் என்று ஓடி வந்தது. மறக்காதவர் மாமா. மாதக் கணக்காகக் கடல் தாண்டிப் போய்த் திரும்பியும் அவருக்குள் அது கிடந்திருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது இதுதான். தான் செய்ததற்கு அது தன்னைக் கடிக்கத்தான் வேண்டும் என்று அவர் நினைத்தார். அது கடிக்க வரவில்லை என்று காட்டக்கூடிய ஒரே சாட்சியை அவரே தேங்காய்க் கட்டையில் வைத்து வெட்டியிருந்தார்.

மாமாவின் பேரனுக்கு நேற்று போன் பண்ணினேன்.

"ஆண்ட்டி, இமோஷனலா பேசாதீங்கலா. டோபர்மேன்னா அந்த லுக் வேணும். சும்மா ஸ்டைலுக்குத்தான்," என்றான். நல்ல பையன்தான். அவன் தாத்தாவும் நல்லவர்தான் என்று சொல்வார்கள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. என்னப்பா அது என்றேன். "குட்டிதான் ஆண்ட்டி. வாஷிங் மெஷின்ல வால அடிச்சிக்கிட்டே இருக்கு. நான் போன்ல பேசுனாலே அதுக்குக் குஷி."  போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போ ஆள் வருவதற்கு முன்னால் நான் அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த வீட்டில் அன்று யார் ராஜா, யார் மனம் கோணும் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். உங்களில் யாராவது வருகிறீர்களா? வராவிட்டாலும் ஒன்று மட்டும் செய்யுங்கள். அவனிடம் சொல்லி, அந்தப் படத்தை மட்டும் துடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய் எப்படி முறைக்கிறது பாருங்கள் என்று எழுதினீர்கள். அது கேமராவை முறைக்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் தூக்கோடு நின்ற என்னைப் பார்த்தது. பின்பக்கம் மங்கலாக இருக்கிறதே ஓர் இடம், படம் கெட்டுப்போய்விட்டது என்கிறீர்களே, அது கறை இல்லை. மற்றதெல்லாம் அசையாமல் நின்றபோது அந்த ஓரிடம் மட்டும் நிற்கவில்லை. ஜோனி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.